முட்டி மாற்றிய மூன்றாம் நாள்

பார்லர் அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்பது. முப்பத்தொரு வருடம் நாற்காலிக்குப் பின்னால் நின்றே பிழைத்தவர். அந்த நிற்பில் இடது முழங்கால் வில்லாக வளைந்துபோனது. கடைசி இரண்டு வருடம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கடைக்குள் நடமாட்டம். மகள் நச்சரித்து நச்சரித்து, ஒருவழியாக மூட்டு மாற்ற ஒத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வினை அதற்குப் பிறகுதான். மறுநாள் காலையிலேயே பிசியோதெரபிஸ்ட் வாக்கரோடு வந்துவிட்டார். மெல்லிய குரல், ஆனால் பிடித்த பிடியை விடாத ஆள். எழுந்து நிற்கச் சொன்னார். பத்து எண்ணுவதற்குள் அக்காவுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு முட்டியை மடக்கச் சொன்னார். போன உயிர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்றிலிருந்து அக்கா அவருக்கு வைத்த பெயர் எமன்.

இரண்டாம் நாள் எமன் வரும் நேரம் பார்த்துக் கண்ணை மூடிக் குறட்டைகூட விட்டார். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பொய் சொல்ல வராத மனிதர். இப்போதுதான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள் என்று காட்டிக்கொடுத்துவிட்டார்.

முட்டிக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது, மடங்கியபடியே இறுகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா போர்வைக்குள் ஒளித்து வைத்திருந்தார். காலை டியூட்டி நர்ஸ் அதை உருவி எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவள்போல் பேச்சுக் கொடுத்தாள். நாளை மறுநாள் வேறொரு மருத்துவமனையில் அவளுக்கு இன்டர்வியூவாம். அக்காவின் கண் அவள் புருவத்தை விட்டு நகரவில்லை. மூன்று மாதமாவது ஆகியிருக்கும், முடி எடுக்கும் நூல் அதில் பட்டு.

“இந்தப் புருவத்தோடயா போகப் போறீங்க சிஸ்டர்? நாளைக்கு டியூட்டி முடிஞ்சதும் வந்து உக்காருங்க, அஞ்சு நிமிஷம்.”

“நீங்க நின்னு செய்யறதா இருந்தா உக்கார்றேன்மா. படுத்துக்கிட்டு செய்யறதுன்னா வேணாம்.”

உட்கார்ந்து எடுத்த புருவம் கோணலாகும் என்று கடைப் பெண்களுக்குப் பாடம் சொன்னவரே அவர்தான். கணவரை நூல் வாங்க அனுப்பினார். அவர் நைலான் நூலோடு வந்தார். அந்தப் பெண் தோலை அறுக்கவா என்று கேட்டு அக்கா திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை பருத்தி நூல் வந்தது.

மூன்றாம் நாள் மதியம் ஜன்னலோரம் நாற்காலி போட்டார்கள். நர்ஸ் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்தாள். பிசியோதெரபிஸ்ட் அக்காவின் இடுப்பில் பட்டை கட்டிப் பிடித்துக்கொண்டார். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை விரல்களில் பின்னியபோதுதான், வாக்கரைப் பிடிக்கக் கை மிச்சமில்லை என்பது அக்காவுக்கு உறைத்தது. பிறகு வேலை அவரை இழுத்துக்கொண்டது.

வலது புருவம் முடிந்தது. இடது புருவத்துக்கு எட்ட வேண்டி உடம்பை அந்தப் பக்கம் சாய்த்தார். பாரம் புது முட்டியில் இறங்கியது. எமன் அதைக் கவனித்தார், கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டார்.

“ஒம்பது நிமிஷம் நின்னீங்கம்மா. அதுல பாதி நேரம் புதுக் கால்லதான்” என்றார் முடிவில்.

“சொல்லாம இருந்திருக்கலாம்ல தம்பி? இப்பத்தான் வலிக்குது.”

சாயங்காலம் முட்டி பூசணிக்காயாக வீங்கியது. ஐஸ் பையை வைத்துக்கொண்டு அக்கா கொஞ்சம் அழவும் செய்தார். ஆனால் மறுநாள் பிசியோதெரபிஸ்ட் வந்தபோது, காலைத் தொங்கவிட்டுக் கட்டில் ஓரத்தில் தயாராக உட்கார்ந்திருந்தார். அன்று முட்டி எழுபத்தெட்டு டிகிரி மடங்கியது. அதற்கு அடுத்த நாள் தொண்ணூறைத் தொட்டது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

வீட்டு வாசலில் மூன்று படி. ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கா வாக்கரைக் கணவரிடம் கொடுத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தன் இரண்டு கால்களையும் பார்த்தார். வலதும் தேய்ந்த முட்டிதான். அதற்கும் ஒரு நாள் கத்தி வரும்.

“ஏங்க, இதுல எதுங்க நல்ல கால்?”

மெக்கானிக் குனிந்து பார்த்து யோசித்தார்.

“இப்போதைக்கு வலதுன்னு வச்சுக்க. அடுத்த மாசத்துலேர்ந்து மாத்திக்கலாம்.”

சிரிப்பு அடங்கிய பிறகு அக்கா வலது காலை முதல் படியில் வைத்தார்.