காது தெரிய வேண்டும்

என் வலது தோளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. வாலிபத்தில் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. நடுவில் கொஞ்ச காலம்தான் இல்லாமல் போனது. அந்தக் காலத்தை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பம். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் எனக்குக் கத்தி வேலை. தோல் ஷாப் என்றால் விற்கிற கடை இல்லை, பச்சைத் தோலைப் பதனிடுகிற இடம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைச் சாய்வான மரக்கட்டைமேல் போட்டு, இரண்டு முனையிலும் பிடி வைத்த வளைந்த கத்தியால் சதையையும் சவ்வையும் வழித்துத் தள்ள வேண்டும். வயிற்றால் தோலைக் கட்டையோடு அழுத்திக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் முன்னால் தள்ளுவது. காலையில் ஆரம்பித்தால் வெயில் சாய்கிற வரைக்கும் தள்ளல்தான். அதனால் கத்திக்காரனுக்குத் தோள் பெருத்து மேலே ஏறி, கழுத்து காணாமல் போய்விடும். தெருக்கோடியில் வரும்போதே இவன் கத்திக்காரன் என்று சொல்லிவிடலாம். அது எங்களுக்குப் பெருமை. அந்தத் தோளுக்குள் ஓயாத வலி இருந்ததை மட்டும் ஒருவரும் வெளியே சொல்ல மாட்டோம்.

பக்கத்துக் கட்டையில் வேலை செய்தவன் என் தோஸ்த். முஸ்லிம் பையன், நல்ல நெட்டை. நான் குள்ளம். வேலை விட்டதும் அவன் தோள்மேல் கை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு நடப்பேன். எட்டித்தான் போட வேண்டும், இருந்தாலும் விட மாட்டேன். "அவரு தோள்ல நீ நடந்து வர்றியா, தொங்கிக்கினு வர்றியா?" என்று என் மனைவி கேலி செய்வாள். அவனுக்கு அதைக் கேட்டால் சந்தோஷம், இன்னும் நிமிர்ந்து நடப்பான்.

அந்த வருஷம் பஜாரிலிருந்த வாசகசாலையில், கதர் கட்டிய சிலர் ஆசனப் படங்கள் போட்ட ஒரு பெரிய தாளை மாட்டினார்கள். ஒல்லியான ஒரு மனிதர் விதவிதமாக வளைந்திருந்தார். ஒவ்வொரு படத்தின் கீழும் எந்த நோய் தீரும் என்று எழுதியிருந்தது. ஒரு படத்தின் கீழே 'தோள்வலி நீங்கும்' என்றிருந்ததைப் படித்ததும் நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றுவிட்டோம். அந்த மனிதர் காலை மடக்கி உட்கார்ந்து, வலது கையைத் தலைக்கு மேலாகத் தூக்கி முதுகுப்பக்கம் விட்டிருந்தார். இடது கை கீழேயிருந்து முதுகில் ஏறி வந்திருந்தது. இரண்டு கை விரல்களும் நடு முதுகில் கோத்திருந்தன. முகத்தில் துளி சிரமம் இல்லை. எனக்குக் கோபம் வந்ததே அந்த முகத்தைப் பார்த்துத்தான். இந்த நோஞ்சானால் முடியும், என்னால் முடியாதா?

மாலையில் பாலாற்று மணலுக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல் மட்டும் வேண்டிய மட்டும் இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். மேலே போன கைக்கும் கீழேயிருந்து வந்த கைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. தோஸ்த்துக்கும் அதே கதை. சேர வேண்டிய ஊரை அந்தத் தாளில் போட்டிருந்தார்களே தவிர, போகிற வழியைப் போடவில்லை. தினமும் போய் முயன்றோம். வலிதான் ஜாஸ்தியானது.

ஒரு நாள் தோஸ்த்துக்கு யோசனை வந்தது. "தோலுதானேடா! நனைச்சு இழுத்தா வராமலா போய்டும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஷாப்பில் நாங்கள் செய்வதே அதுதானே. சுருங்கிப்போன தோலை நனைத்து, எண்ணெய் தடவி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் நீண்டுவிடும். நல்லெண்ணெய் கொண்டுவந்து என் தோள் இரண்டிலும் வழிய வழியத் தடவினான். பின்னால் உட்கார்ந்து முழங்காலை என் முதுகில் ஊன்றி, மேலே இருந்த கையைக் கீழேயும் கீழே இருந்த கையை மேலேயும் இழுத்தான். "இன்னும் இழுடா" என்றேன். இழுத்தான். விரலோடு விரல் பட்டது. பட்டுவிட்டது என்று நான் கத்துவதற்குள், வலது தோளுக்குள் ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும், கையை விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

மறுநாள் வலது கை மார்புக்கு மேலே போகவில்லை. கட்டு வைத்தியர் எலும்பு முறியவில்லை என்று சொல்லிப் பற்றுப் போட்டு, கையைக் கழுத்தோடு கட்டிவிட்டார். கட்டை அவிழ்த்த பிறகும் கை அங்கேயேதான் நின்றது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக வாய்தான் கீழே வர வேண்டியிருந்தது.

ஷாப்பில் எங்கள் மேஸ்திரி அதிகம் பேசாத மனிதர். என் கத்தியை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டகைத் தூணில் உயரமாக இருந்த ஓர் ஆணியில் மாட்டினார். நல்ல தோள் இருந்த நாளில் நான் நின்றபடி கையை முழுக்க நீட்டினால் எட்டுகிற உயரம் அது.

"பக்ரீத் வந்தா தோலு ஜாஸ்தியா வரும். அதுக்குள்ள சோத்துக்கையால இத எடுத்துட்டா உன் கட்டை உனக்கு. முக்காலி போடக் கூடாது, எகிறக் கூடாது. எடுக்க முடியலன்னா வேற ஆளப் போட்டுடுவேன், கோச்சுக்காதே" என்றார்.

அதுவரைக்கும் முற்றத்தில் ஆட்டுமயிரைக் காயவைத்துப் பரப்புகிற வேலை. இடது கையில் ஒரு கம்பு, அவ்வளவுதான். அங்கிருந்து பார்த்தால் தூணும் ஆணியும் கத்தியும் நேராகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு மயிர் பரப்பியதைப் போல அவமானம் எனக்கு வேறில்லை. தோஸ்த் என் பக்கமே வரவில்லை. எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு வேறு வழியாகப் போனான். எனக்கும் அவன்மேல் ஆத்திரம். அவன் கை நன்றாக இருக்கிறது, கட்டையில் நிற்கிறான், என்னை வந்து ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? வாசகசாலைப் பக்கமே நான் போகவில்லை. அந்த ஒல்லி மனிதரைக் கண்டால் தாளைக் கிழித்துவிடுவேன் என்றிருந்தது.

குளித்தபின் முதுகு துடைத்துவிடுவது என் மனைவியின் வேலையாயிற்று. ஒரு நாள் அடுப்பில் குழம்பு பொங்கிக்கொண்டிருந்தது, அவள் வரவில்லை. ஈர முதுகோடு எவ்வளவு நேரம் நிற்பது? துண்டின் ஒரு முனையை வலது கையில் பிடித்து, கை போன மட்டும் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டேன். தொங்கிய முனையை இடது கையால் பின்னாலிருந்து பிடித்து மெல்லக் கீழே இழுத்துத் துடைத்தேன். கரண்டியோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றாள்.

"இதானேயா நீ பைத்தியம் புடிச்சு அலைஞ்ச படம்? நடுவுல துணி கீது, அவ்ளோதானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே சிரிப்பு நின்றது. அவள் சொன்னது சரி. தினமும் குளிக்கிறவன் எல்லாம் போடுகிற ஆசனம் அது. கையும் கையும் சேர வேண்டிய அவசியமே இல்லாமல், துண்டு நடுவில் நின்று வேலையை முடித்துவிடுகிறது.

"ஆனா உன் காதக் காணோமே" என்றாள். "தோளு மேல ஏறி காத முழுங்கிடுச்சு. எறக்கு மொதல்ல."

இறக்கினேன். சுருக்கென்று குத்திக்கொண்டிருந்த வலி அந்த நொடியில் பாதி குறைந்தது. கத்தி தள்ளித் தள்ளி, எதற்குக் கையை எடுத்தாலும் தோளைக் காதுவரை தூக்குவதே எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. ஆற்றுமணலிலும் அப்படித் தூக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். அதன்மேல்தான் அவன் இழுத்தான்.

இன்னொன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. பதனிட்ட தோலை மேசைமேல் போட்டுச் சுருக்கம் எடுக்கும்போது, நடு முதுகிலிருந்து ஓரத்தைப் பார்த்துத் தள்ள வேண்டும். கால் பக்கத்தைப் பிடித்து இழுத்தால் ஓரம் கிழியும், நடுவிலிருக்கிற சுருக்கம் அப்படியே கிடக்கும். ஷாப்பில் சேருகிறவனுக்கு முதலில் சொல்லித்தருவதே இதுதான். இழுத்தால் நீளும் என்பது மட்டும் எங்களுக்கு ஞாபகம் இருந்தது, எங்கிருந்து என்பது மறந்துபோயிற்று.

மறுநாளே ஆரம்பித்தேன். என் மனைவிக்குப் பிறந்த ஊர் கைலி நெய்கிற குடியாத்தம். கல்யாணத்துக்கு அவள் அண்ணன் கொடுத்த கட்டம் போட்ட கைலி பழசாகிக் கிடந்தது, அதைக் கிழித்து நீளத் துண்டாக்கிக் கொடுத்தாள். முதலில் முதுகெலும்பு நேராக நிற்க வேண்டும். பிறகு தோள் இறங்க வேண்டும், காது தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் கை. வலிக்கிற இடம் வருவதற்கு முன்னால் நின்றுவிட வேண்டும், அங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும். வலி வந்த பிறகு நிற்கிறவன் முட்டாள் என்பது என் மனைவியின் சட்டம். இரண்டு கைக்கும் நடுவில் எத்தனை கட்டம் இருக்கிறது என்று பின்னால் நின்று எண்ணுவாள். ஒரு கட்டம் குறைந்தால் அன்றைக்கு வீட்டில் பண்டிகைதான்.

வாசகசாலைத் தாளில் இன்னொன்று இருந்ததும் நினைவு வந்தது. மல்லாந்து படுத்துக் கையைத் தலைக்குமேல் கொண்டுபோகிற படம். ஆணிக்கு அதுதானே தேவை? பாயில் படுத்துக் கையைத் தூக்குவேன். கை மேலே போகப் போக எனக்குத் தெரியாமலே இடுப்பு பாயை விட்டு எழும்பிவிடும். அவள் என் இடுப்புக்கடியில் கையை நுழைத்துப் பார்ப்பாள். நுழைந்துவிட்டால் "பொய்" என்பாள். கையைக் கீழே இறக்கி மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். "பொய்யி, பொய்யி, இதுவும் பொய்யி." இத்தனை பொய்யனைக் கட்டிக்கொண்டோமே என்று அவளே சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் அவள் கையைத் தட்டிவிட்டதில்லை. அவள் இல்லாமல் அந்தக் கை மேலே போயிருக்காது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், அவள் படிக்கட்டும்.

நடுவில் ஒரு நாள் அவசரப்பட்டேன். கை நெற்றிக்கு மேலே போனதும் மேஸ்திரியிடம் சொல்லாமல் தூணண்டை போய், தோளை எக்கி, இடுப்பை வளைத்து எட்டிப் பார்த்தேன். விரல் கத்தியின் பிடியைக்கூடத் தொடவில்லை. வலி பொறுக்காமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொட்டகையே சிரித்தது. தோஸ்த் மட்டும் சிரிக்கவில்லை, கட்டைமேல் குனிந்திருந்தான். அதற்கும் எனக்கு அவன்மேல் ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி, "காது தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள். மறுபடியும் கைலித் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

பக்ரீத் நெருங்கியது. ஊரில் ஆடுகள் கத்த ஆரம்பித்துவிட்டன. ஒரு காலையில் அவள் இடுப்புக்கடியில் கையை நுழைக்கப் பார்த்தாள், நுழையவில்லை. என் கை தலைக்குப் பின்னால் பாயைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு ஷாப்புக்குப் போனேன்.

மேஸ்திரியைக் கூப்பிட்டுத் தூணண்டை நின்றேன். கொட்டகை முழுவதும் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, தோளை இறக்கினேன். காது தெரியும் என்று எனக்கே தெரிந்தது. பிறகு கையை விட்டேன். அது தானாக மேலே போய்ப் பிடியைப் பற்றியது. ஆணியிலிருந்து கத்தியை எடுத்துக் கீழே கொண்டுவந்தேன்.

இத்தனை மாதம் சுண்ணாம்புக் காற்றில் தொங்கிய கத்தி. துரு அரித்திருக்கும், கட்டையில் நிற்பதற்கு முன் உட்கார்ந்து தீட்ட வேண்டும் என்று எண்ணிக்கொண்டு பார்த்தால், வாய் பளபளவென்றிருந்தது. எண்ணெய் பூசியிருந்தது. விரலை வைத்தேன், நேற்றுத் தீட்டினாற்போல் கூர்.

"யாரு மேஸ்திரி இத..."

"உன் தோஸ்தக் கேளு. வாரம் தவறாம, நீ வீட்டுக்குப் போனப்பறம் எறக்கித் தீட்டி மாட்றான். வேணாம்னாலும் கேக்கல" என்றார்.

அவன் கட்டைமேல் குனிந்து வேலை செய்கிற மாதிரி நின்றான். கட்டையில் தோலே இல்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏண்டா, என்னாண்ட ஒரு வார்த்த பேசல. இது மட்டும் இன்னாத்துக்குடா தீட்டினே?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு பேசறது?" என்றான், நிமிராமலே. "உன் கை வராதுன்னு நெனச்சிருந்தா நான் எதுக்குடா தீட்டப் போறேன்?"

கத்தியைக் கட்டைமேல் வைத்தேன். அவன் நிமிர்ந்தான். அதே நெட்டை, கொஞ்சமும் குறையவில்லை. வலது கையைத் தூக்கி அவன் தோள்மேல் போட்டேன். வலிக்கவில்லை.