தேங்காயைக் காதருகே குலுக்கியவள்

சரசு போய்விட்ட செய்தி வந்தபோது பக்கத்துக் கடையில் என் கை ரொட்டி அடுக்கின் கடைசி வரிசைக்குள் முழங்கை வரை போயிருந்தது. முன்வரிசையில் நேற்றைய ரொட்டி, பின்வரிசையில் இன்றைய ரொட்டி என்று எனக்குச் சொன்னவளே அவள்தான். சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. அவள் மகன் செல்வம்.

"பெரியப்பா, அம்மா போயிட்டாங்க."

"காலங்காத்தாலயே கிளம்பிட்டாளா? செண்டாயான்ல இருக்கற பெரிய கடைக்கா? இன்னும் கதவே தெறந்திருக்க மாட்டானேடா!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் எனக்கு விளங்கியது. கைக்கு வந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து பார்த்தால் நேற்றைய ரொட்டி. அவள் இருந்திருந்தால் அதை என் தலையிலேயே உடைத்திருப்பாள்.

சரசு என் மனைவி பாக்கியத்தின் தங்கை. எனக்குக் கொழுந்தியாள். நாங்கள் எல்லாரும் லிங்கி ஆற்றுப் பக்க ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன், அவள் ஆறாம் வகுப்போடு நின்றாள். அந்த ஒரு வருடத்தை வைத்து வாழ்நாள் முழுக்க என்னைப் 'படிக்காத மச்சான்' என்றே கூப்பிட்டாள். நான் லோரி ஓட்டப் போனேன். அவள் சிரம்பானில் ஒரு பெரிய கடையில் சாமான் அடுக்கப் போனாள். வேலைக் காலம் முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகும் கடைக்குப் போவதை விடவில்லை. வாங்குவதற்காகப் போகவில்லை, வாங்குகிறவர்களைத் திட்டுவதற்காகப் போனாள்.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப்பேர் அந்தத் திட்டை வாங்கியவர்கள்தான். சாவு வீட்டில் பார்த்தேன், ஒருவர் விடாமல் 'தங்கமான மனுஷி' என்கிறீர்கள். தங்கமாம்! உயிரோடு இருந்தபோது அவள் வருகிற பக்கம் தெரிந்தால் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிய ஆட்கள் நீங்கள். தங்கத்தைக் கண்டு யாராவது ஓடுவார்களா?

ஒருநாள் செண்டாயான் கடையில் ஒரு பெண் சமையல் எண்ணெயைப் பொட்டலம் பொட்டலமாக வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மேலே மஞ்சள் அட்டையில் 'முரா' என்று பெரிதாகப் போட்டிருந்தது. மலிவு என்று மலாயில் எழுதிவிட்டால் நம் ஆட்களுக்குக் கண் தெரியாது. சரசு போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"இந்தாம்மா, அந்த அட்டையக் கொஞ்சம் தூக்கிப் பாரு."

"எதுக்குக்கா?"

"தூக்கு. அட்டை கடிக்காது."

தூக்கினால் அடியில் பழைய வெள்ளை அட்டை. அதே விலை, காசு குறையாமல். சரசு கையைத் தட்டிச் சிரித்தாள்.

"மஞ்சப் பூசினா கல்லு சாமியாவும். எண்ணெ சல்லிசாவுமா?"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இன்னும் ஒரு பொட்டலத்தை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டாள். "ஆஃபர்னு போட்டிருக்காங்கல்ல லா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். இந்த மாதிரி ஜனங்களுக்காகத்தான் சரசு தன் தொண்டையைக் கெடுத்துக்கொண்டாள்.

"ஏண்டி, அந்த மாதிரிக் கடையிலதான் நீயும் சோறு தின்ன. அவங்களையே காட்டிக் குடுக்கறியே?" என்று சீண்டினேன்.

"அந்த அட்டைய வருஷக்கணக்கா ஒட்டினவளே நான்தான் மச்சான். ஒட்டத் தெரிஞ்சவளுக்கு உரிக்கத் தெரியாதா?"

சுங்கை காடுட் சந்தையில் இறைச்சிக் கடைக்காரர் அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். மேலே சிவப்பு மூடி போட்ட விளக்கைத் தொங்கவிட்டிருப்பார். அடியில் எந்த இறைச்சியும் இப்போதுதான் வெட்டியதுபோல் சிவந்து தெரியும். சரசு தட்டோடு தூக்கி வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பாள். வெயிலில் அது ஈயம்போல வெளுத்திருக்கும்.

"பாத்தீங்களா மச்சான்? வெளக்கப் பாக்காதீங்க, பொருளப் பாருங்க."

"அன்னிக்கே இத சொல்லியிருந்தா எம் பொழப்பு நல்லாருந்திருக்கும். உங்கக்காவ எனக்குக் காட்டினப்பயும் செவப்பு வெளக்குதான் போட்டிருந்தாங்க."

பாக்கியம் பக்கத்தில்தான் நின்றாள். கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டால் என் முதுகில் ஒன்று போட்டாள். சரசுவோ இறைச்சித் தட்டோடு குனிந்து சிரிக்கிறாள், நிறுத்தவே இல்லை. கடைக்காரரும் சிரித்துவிட்டார். ஆனால் விளக்கை மாற்றவில்லை. ஏன் மாற்ற வேண்டும்? அவளைத் தவிர யாரும் வெயிலுக்குக் கொண்டுபோகவில்லையே.

கோயில் தேங்காய் விஷயத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மறந்ததுபோல் நடிப்பீர்கள். தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா. முதல் தேங்காயை உடைத்தால் உள்ளே கறுப்பு. கூட்டம் அப்படியே பின்வாங்கியது. ஒரு பெண்ணுக்கு அருளே வந்துவிட்டது. கோயில் தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அம்மனுக்குக் கோவம். ஏதோ கொற வச்சிட்டோம். பரிகாரம் பண்ணணும்" என்றார். பரிகாரத்துக்கும் அதே மூட்டையிலிருந்து தேங்காய்!

சரசு மூட்டைக்குள் கையை விட்டு ஒரு தேங்காயை எடுத்தாள். காதருகே வைத்துக் குலுக்கினாள். அதன் கண்ணை விரலால் தடவி முகர்ந்து பார்த்தாள்.

"உள்ள தண்ணி ஆடல. கண்ணு ஈரமா இருக்கு, பூஞ்சை நாத்தம் அடிக்குது. அம்மனுக்குக் கோவமே இல்ல தலைவரே, உங்களுக்குத்தான் காது இல்ல."

"சாமி சாமானச் சோதிச்சு வாங்கக் கூடாதும்மா. சாமியவே சந்தேகப்படற மாதிரி. பேரமும் பேசக் கூடாது. காலங்காலமா உள்ள வழக்கம்."

"இத மொதல்ல சொன்னவன் தேங்கா விக்கிறவனாத்தான் இருப்பான்."

பரிகாரம் நடந்தது. அந்தத் தேங்காயும் அழுகல். 'அம்மனுக்குக் கோவம் ரெட்டிப்பாயிடுச்சு' என்று நீங்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். தேங்காய்க்காரரை ஒருவர் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து கோயில் சமையலுக்குச் சரசுவைக் கூப்பிடவில்லை. அழுகல் தேங்காய் கொடுத்தவர் மட்டும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் திருவிழாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் காரில் அவள் சொன்னாள்:

"ரெண்டு எடத்துல நம்மாளு கண்ண மூடிக்கிட்டு வாங்குவான் மச்சான். ஒண்ணு கோயிலு, ஒண்ணு சாவு. நான் போனா செல்வத்தத் தனியா சாமான் வாங்க அனுப்பாதீங்க. அவன் அழுதுகிட்டே எல்லாத்துக்கும் தலையாட்டுவான். ஏமாந்த சரக்குல என்னப் படுக்க வச்சிடாதீங்க."

"நான் முந்திக்கிட்டா?"

"உங்களுக்கு நானே பேரம் பேசறேன். பழைய சாமான்னு சொல்லிக் கொறைச்சிடுவேன்."

அதனால்தான் அவள் போன அன்றைக்குச் செல்வத்தோடு சிரம்பானுக்குப் போனேன். சவப்பெட்டிக் கடை வாசலிலேயே ஒரு வெள்ளைப் பெட்டி. பொன் நிறக் கைப்பிடிகள், மேலே இதமான மஞ்சள் விளக்கு. விளக்கைக் கண்டதுமே எனக்குச் சிரிப்பு வந்தது. விற்பவர் செல்வத்தின் தோளில் கை வைத்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். எங்கள் வீட்டு ஆட்களே அவ்வளவு துக்கமாகப் பேசவில்லை.

"அம்மாவுக்குக் கடைசியாச் செய்யறது. இதுல போயி கொறச்சலாச் செய்யலாமா? நம்ம ஆளுங்க எல்லாம் இதத்தான் எடுக்கறாங்க."

செல்வம் அழுதுகொண்டே தலையாட்டினான். அப்படியே அவள் சொன்ன மாதிரி.

நான் கைப்பிடியை நகத்தால் சுரண்டினேன். பொன் நகத்தோடு வந்துவிட்டது. அடியில் கறுப்புப் பிளாஸ்டிக்.

"இதையும் சேத்து எரிப்பீங்களா?"

"இல்லங்க ஐயா, எரிக்கறதுக்கு முன்னால கழட்டிடுவோம்."

"கழட்டறதுக்கு எதுக்கு மாட்டறீங்க? சரி, பின்வரிசை எங்க இருக்கு?"

"பின்னால வெறும் சாதாப் பெட்டிதான் ஐயா. உங்களுக்குத் தோதுப்படாது."

மடித்து வைத்த கூடாரத் துணிகளுக்குப் பின்னால் அது நின்றது. சாயம் மட்டும்தான் வேறு. வெள்ளைப் பெட்டியை ஒருமுறை தட்டினேன், இதை ஒருமுறை தட்டினேன். ஒரே சத்தம். ஒரே பலகை. விற்பவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். செல்வம் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"பெரியப்பா, மானம் போவுது. அம்மா சாவுல பேரம் பேசினேன்னு ஊரே சொல்லும்."

"ஊரு சொல்லட்டும்டா. ஊருக்கு நான் பதில் சொல்லிடுவேன். உங்கம்மாவுக்குச் சொல்ல முடியாது."

சாதாப் பெட்டிதான் வந்தது. மாலை, கற்பூரம், தேங்காய் எல்லாம் ஒரே பையில் கட்டி, கடைக்காரரே கொடுத்தனுப்பினார். திரும்பி வரும் வழியெல்லாம் செல்வம் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுங்கை காடுட் தொழிற்சாலையில் அவனுக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் எல்லாரும் வருவார்கள், பெட்டியைப் பார்ப்பார்கள். அதுதான் அவன் கவலை. அவனுக்காக நான் இறங்கிப்போயிருக்கலாம் என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

வீட்டில் எதிர்பார்த்தபடியே நடந்தது. கோயில் தலைவர் பெட்டியைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார். "சாதாப் பெட்டியா? ஒரே மவன்..." என்று பாதியில் நிறுத்தினார். மீதியை மற்றவர்கள் நிரப்பிக்கொண்டார்கள். செல்வம் தலையைக் குனிந்துகொண்டான்.

தூக்குவதற்கு முன் உடைக்கத் தேங்காய் கேட்டார் சடங்கு செய்பவர். நான் பையில் கையை விட்டேன். தலைவர் என் கையைத் தடுத்தார்.

"அண்ணே, வேணாம். சாவு வீட்டுல சாமானச் சோதிச்சா ஆத்மா அலையும்."

அவரைத் திட்ட நான் வாயைத் திறப்பதற்குள், ஈர வேட்டியோடு நின்ற செல்வம் குனிந்து பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தான். அம்மாவின் தலைமாட்டில் நின்று அதைக் காதருகே வைத்துக் குலுக்கினான். அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள். தேங்காயின் கண்ணை விரலால் தடவினான். கீழே வைத்தான்.

"இது வேணாம் பெரியப்பா. தண்ணி ஆடல. வேற குடுங்க."

வேறொன்று கொடுத்தேன். குலுக்கினான். எனக்கே கேட்டது, உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம். உடைத்தால் பூப்போல வெள்ளை. தள்ளி வைத்த தேங்காயை நான் பின்பக்கம் கொண்டுபோய்க் கல்லில் போட்டுப் பார்த்தேன். கறுப்பு. அதைக் கொண்டுவந்து தலைவரின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன். அவர் இடம் மாறி நின்றார்.

போன வாரம் செண்டாயான் கடையில் ஒரு பெண் மஞ்சள் அட்டைக்குக் கீழே நின்று வண்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள். "அதத் தூக்கிப் பாரும்மா" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பெருசு, ஒனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினாள். நீங்கள் சரசுவைக் கண்டு ஓடுவீர்களே, அதே ஓட்டம்.

தங்கமான மனுஷி என்கிற நல்ல பெயரை நீங்களே பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அது வாசலில் வைத்த சரக்கு, இரண்டு நாளில் ஊசிப்போகும். அவளுடைய கெட்ட பெயரை நான் எடுத்துக்கொண்டேன். பின்வரிசையில் கையை விட்டு எடுத்தது. என் காலம் வரைக்கும் தாங்கும்.