எட்டுப் பட்டை, எட்டு ஓட்டை

வியாழன், பிற்பகல் 2.10. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது திருச்சியில் நாற்பது டிகிரி. ஒஸ்லோவில் இறங்கும்போது பதினொன்று. மே மாதக் கடைசி. இதைக் கோடை என்று சொல்கிறார்கள். சொல்வதோடு விடாமல் சட்டையைக் கழற்றிப் புல்வெளியில் படுத்தும் கிடக்கிறார்கள். நான் இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு, விமான நிலையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டரை இருபத்து மூன்றே நிமிடத்தில் ரயிலில் கடந்து ஊருக்குள் வந்து சேர்ந்தேன்.

வந்த காரியம் ஒரு கருத்தரங்கு. கட்டடக்கலை வரலாறு சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. இருபது வருடமாக ஓர் அமெரிக்கரைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் தேடிப் பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவீர்கள். அந்தக் காலத்துக் கட்டடக் கலைஞர், தச்சரின் மகன். அமெரிக்கா விடுதலை பெற்ற புதிது. புதுப் பணக்காரருக்கு வம்சப் பெருமை வேண்டியிருப்பது போல அந்தப் புது நாட்டுக்கு ஏதென்ஸும் ரோமும் வேண்டியிருந்தன. நம்மாள் கடல் தாண்டியதே இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்த படப் புத்தகங்களைப் பார்த்தே தூணின் அளவுகளைப் படித்தார். ஊரில் கல்லுக்குப் பஞ்சம், பைன் மரத்துக்குப் பஞ்சமில்லை. பலகைகளைப் பீப்பாய் மாதிரி சேர்த்து உள்ளே வெறுமையான தூண் செய்தார். ஈரப் பெயிண்டின் மேல் மணலை வீசினார். தூரத்திலிருந்து பார்த்தால் சாட்சாத் கல். தேவாலயம், வங்கி, கனவான்களின் வீடு என்று வாழ்நாள் முழுவதும் இப்படியே கட்டினார். தன் வீட்டு வாசலில் மட்டும் ஒரு தூண்கூட வைத்துக்கொள்ளவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் என் உரைக்கு ‘மரத்தில் சொன்ன பொய்’ என்று தலைப்பு வைத்திருந்தேன். போகிற ஊரிலெல்லாம் நல்ல கைதட்டல்.

வெள்ளி, காலை 9 மணி. கார்ல் யோஹான் தெருவில் நடந்தேன். தூணைக் கண்டால் தேங்காய் மாதிரி விரலால் தட்டிப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். ஒரு பழைய வெள்ளைக் கட்டடத்தின் தூணைத் தட்டினேன்; கல்தான், விரல் வலித்தது. தெருவின் மேட்டு முனையில் அரண்மனை, அதற்கும் வரிசையாகத் தூண்கள். காவலுக்கு ஒரு சிப்பாய் நின்றதால் கையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மாலை 5 மணி. கருத்தரங்கு முடிந்ததும், இங்குள்ள யாழ்ப்பாணத் தமிழர்கள் அதே உரையைத் தமிழில் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று ஒரு நூலக அறையில் கூடினார்கள். நாற்பது பேர் இருக்கும். பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். புதிதாகக் கட்டும் தமிழர் மண்டபத்தின் தலைவர், பெயர் குணம் என்றார்கள்.

“அம்மா நல்ல வடிவாச் சொன்னா. மரத்திலை பொய் சொல்லக் கூடாது. எங்கடை மண்டபத்து வாசலிலையும் நாலு பொய்த்தூண் வந்து நிக்குது. எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ.”

சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சிலர் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார்கள். அங்கே முப்பது வயதுப் பெண் ஒருத்தி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அறை காலியாகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தாள். தாரணி. ஒஸ்லோவிலேயே பிறந்தவள், தொழில் தச்சு. அந்த நாலு தூணும் அவள் செய்தவை.

“ரீச்சர், அந்த ஆள் தூணுக்கு அடியிலை ஓட்டை விட்டவரோ?”

“என்ன ஓட்டை?”

“லுஃப்டிங்... தமிழிலை என்னெண்டு சொல்லுறது? உள்ளுக்குக் காத்துப் போய் வாறதுக்கு. வெறுந்தூணுக்குள்ளை ஈரம் நிண்டால் அடி உக்கிப்போகும்.”

உக்குவது என்றால் மக்கிப்போவது. இருபது வருடத்தில் ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. “தெரியாதும்மா” என்று அசடு வழிந்தேன்.

“பரவாயில்லை. நாளைக்குக் கமிட்டி கூடுது, தூணைக் கழட்டுறதோ விடுறதோ எண்டு. வந்து ஒருக்கா வடிவாப் பாருங்கோ, ரீச்சர்.”

எங்கள் ஊரில் வடிவு என்றால் உருவம். இவர்களுக்கு அது அழகு. வடிவாப் பார் என்றால் நன்றாகப் பார் என்று அர்த்தம். நான் எதையும் வடிவாகப் பார்க்காமலே பேசித் திரிந்திருக்கிறேன் என்று அவள் சொன்னதாகவே எனக்குப் பட்டது. யாரோ ஒரு பெண்ணின் பிழைப்பில் தெரியாமல் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று பதறி, வருவதாக ஒப்புக்கொண்டேன்.

சனி, காலை 10.20. டிக்கெட் நாற்பத்து இரண்டு குரோனர். பாதாள ரயில் என்று பெயர், ஆனால் பாதி வழி வெளிச்சத்தில்தான் ஓடுகிறது. இருபது நிமிடத்தில் அம்மருட். உயரமான அடுக்குமாடிகள், நடுவில் பூத்து நிற்கும் செடிகள், பின்னால் காடு. ரயிலில் தாரணி பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே வந்தாள்.

“அப்பாவும் குணம் மாமாவும் அங்கை வடக்கு முனையிலை, ஹம்மர்பெஸ்ட்டிலை ஒண்டா மீன் வெட்டினவை. பிள்ளையள் மேசையிலை இருந்து வேலை செய்ய வேணுமெண்டு அவையளுக்கு ஆசை. நான் மேசை செய்யப் போனன்.” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “தமிழாக்கள் எனக்குத் தந்த முதல் வேலை இது, ரீச்சர். இதைக் கழட்டினால் இனி ஒருத்தரும் தர மாட்டினம்.”

மண்டபம் என்பது, பழைய கிடங்கு ஒன்றைப் புதுப்பித்தது. அதன் வாசலில் நாலு தூண்கள், நம் கோயில்களில் இருப்பது போல எட்டுப் பட்டை. கருங்கல் நிறம், மேலே மணல். தடவினால் சொரசொரப்பு. தட்டினேன்; மரம். பலகைகள் சேரும் இடத்தில் நகம்கூட நுழையவில்லை. குனிந்து பார்த்தால், பீடத்துக்குச் சற்று மேலே பட்டைக்கு ஒன்றாகச் சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை. என் அமெரிக்கர் உயிரோடு இருந்தால் இவளைக் கையோடு கூட்டிப்போயிருப்பார்.

11 மணி. கமிட்டியில் ஏழு பேர், எல்லோருக்கும் பால் தேநீரும் ரோல்ஸும். குணம் ஐயா கெட்டவரில்லை. அவருடைய பயம் வேறு. “மீன் நாத்தத்தோடை வந்த சனம் நாங்கள். ஒரு மண்டபம் கட்டுறம். அதுக்கும் பலகையிலை தூண் வைச்சால் சனம் சிரிக்கும், அம்மா. நீங்களே சொன்னியள், பொய் எண்டு.”

நான் எழுந்தேன். ஆவுடையார்கோயில் கொடுங்கையை, கல் கூரையின் அந்த வளைந்த விளிம்பைச் சொன்னேன். கல்லிலே மர வேலை. வளைந்த கைமரமும் சட்டமும் ஆணித்தலையும்கூடக் கல்லிலே செதுக்கியது. மாணவர்களைப் பேருந்தில் கூட்டிப்போய், அண்ணாந்து பாருங்கள் என்று நானே வாய் வலிக்கச் சொல்கிறேன். “கல் மரம் மாதிரி நடித்தால் கலை, மரம் கல் மாதிரி நடித்தால் பொய்யா? ஐயா, நான் வைத்த தலைப்பு தப்பு.”

ஒருவர் சிரித்தார். இன்னொருவர், “நியாயம்தானே, தலைவர்” என்றார். குணம் ஐயா தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

“சரி, தூண் நிக்கட்டும். ஆனால் அந்த ஓட்டையளை அடையுங்கோ. வாசலிலை ஓட்டைத் தூண் வடிவில்லை.”

“மாமா, அடைச்சால் பத்து வருசத்திலை உக்கிப்போகும்” என்றாள் தாரணி. “பிறகு பெட்டையின்ரை வேலை உக்கிப்போச்செண்டு நீங்கள்தான் சொல்லுவியள்.”

குணம் ஐயா அவளைத் தாண்டி என் பக்கம் திரும்பினார். “அம்மா, படிச்ச ஆள் நீங்கள் சொல்லுங்கோ. உங்கடை அமெரிக்காக்காரன் ஓட்டை விட்டவனோ?”

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அன்றே ஓட்டைகளை அடைத்திருப்பார்கள்.

“விட்டார்” என்றேன். அதோடு நிறுத்தினேனா? பாழாய்ப்போன வாய். “ஒவ்வொரு தூணிலும் எட்டு.”

“அப்ப சரி” என்றார் தலைவர். முடிந்தது விஷயம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். நான் ஒரே பொய்யில் நாலு தூணை நிறுத்திவிட்டேன். தாரணி கையிலிருந்த அளவு நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு, காலை 8.40. ரயில் நிலையத்துக்கு வழியனுப்ப வந்தாள். பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை தெரியாதெண்டனியள், ரீச்சர்?”

“சனிக்கிழமை காலையில் புத்தகத்தைப் பார்த்தேன்” என்றேன். இரண்டாவது பொய்.

“ஓம்” என்றாள், நீட்டி. யாழ்ப்பாணத்து ‘ஓம்’ எல்லாம் சம்மதமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

திருச்சிக்கு வந்தபின் சோறு இறங்கவில்லை. அந்த அமெரிக்கர் கட்டிய வீடுகளில் ஒன்றைப் பராமரிக்கும் பெண்மணிக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஓட்டை எதுவும் இல்லையாம். தூண்களின் அடிப்பாகம் உக்கி, இதுவரை மூன்று தடவை புதுப் பலகை வைத்திருக்கிறார்களாம். உங்களுக்கு ஏன் இந்தச் சந்தேகம் என்றும் கேட்டிருந்தார்.

தாரணிக்கு உண்மையை எழுதினேன். “மன்னித்துக்கொள். அவர் ஓட்டை விடவில்லை. நான் பொய் சொன்னேன்.”

இரண்டு நிமிடத்தில் பதில். “தெரியும் ரீச்சர். விட்டிருந்தால் அவரைப் பற்றி எழுதின ஆக்கள் ஆராவது உங்களுக்கு முன்னமே சொல்லியிருப்பினம். பாவம் அந்த ஆள், சொல்லிக்குடுக்க ஒருத்தரும் இருக்கேல்லை.”

நான் மூன்று நாள் யோசித்தேன். ஒரு பெண்ணின் சொல் நிற்பதற்கு, செத்துப்போன ஓர் அமெரிக்கரின் பொய்ச் சாட்சி தேவைப்பட்டிருக்கிறது. அந்தச் சாட்சியை நானே ஜோடித்திருக்கிறேன். அவள் சொன்னதே போதும் என்று அந்த மேசையில் நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குத் துணிவு வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

குணம் ஐயா, ஒஸ்லோவில் யாராவது இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். அமெரிக்காக்காரர் ஓட்டை விடவில்லை, அவருடைய தூண் உக்கிப்போயிற்று. தாரணி விட்டிருக்கிறாள். தயவுசெய்து அடைத்துவிடாதீர்கள்.