தாளில் கறுத்த கட்டைவிரல்

அன்று எங்கள் இருட்டறையில், எந்தச் சோதனையும் செய்யாத தாளே கறுத்திருந்தது.

இளையவர்களுக்கு வேலையைச் சொன்னால்தான் இது விளங்கும். யூரோப்பியம் என்ற உலோகத்தில் ஒரு காம்ப்ளெக்ஸ், அதாவது ஒரு கூட்டுச் சேர்மம் செய்து, அதன் கரைசலில் ஃபில்டர் பேப்பரை முக்கி உலர்த்துவோம். யூவி விளக்கைக் காட்டினால் தாள் செக்கச்செவேலென்று ஒளிரும். வெடிமருந்தில் உள்ள நைட்ரோ சரக்கு சிறிது பட்டாலும் அந்த இடத்தில் மட்டும் ஒளி அணையும்.

ரிட்டயர் ஆன பிறகு ஓர் ஆராய்ச்சி லேபில் என்னைத் தினக்கூலிக்கு வைத்திருந்தார்கள். தாள் முக்குவதும் வெட்டுவதும் என் பாடு. மனைவி கர்த்தரிடம் போய்விட்டாள். மகள் துபாயில். கொல்லயில் என்ற ஊரில் என் வீட்டில் ஜெபம் பண்ணும்போது மட்டுந்தான் என் குரலை நானே கேட்பேன். அதனால் விடிந்ததும் பாறசாலையில் ரயில் ஏறி லேபுக்கு ஓடிவிடுவேன்.

ஆராய்ச்சி மாணவி ரேஷ்மா தாளைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பு. வெட்டும்போது நான் பிடிக்கும் இடம். அவளுடைய கைடு சார் சிரித்தார்.

“என்ன அண்ணாச்சி, காலம்பற பாறமடையில கல்லு ஒடைக்க வெடி வச்சிட்டா வாறிய?”

பிறகு சிரிப்பை விட்டார். சும்மா இருக்கும் தாளே அணைந்தால் இந்த காம்ப்ளெக்ஸை நம்ப முடியாது, வேறு பார் என்று அவளிடம் சொன்னார். பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

என் சட்டைப் பையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இருந்தது. அன்று காலை ஸ்டேஷன் படி ஏறியபோது நெஞ்சு பிடித்து, ஒன்றைப் பாதியாக ஒடித்து வைத்துக்கொண்டேன்; அதன் பொடி கட்டைவிரலில் ஒட்டியிருக்கும். அந்த நோவை லேபில் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆண்டவரே என்று மனதில் சொல்லி, மாத்திரை அட்டையை மேசையில் வைத்தேன்.

“நெஞ்சுக்க மாத்திரையாக்கும், மக்கா.”

ரேஷ்மா அட்டையை வாசித்தாள். இதிலும் நைட்ரோ சரக்கு உண்டு, வெடிமருந்துக்குச் சொந்தக்கார மருந்துதான் என்றாள். பொடியைப் புதுத் தாளில் தொட்டுவைத்தாள். அணைந்தது. காம்ப்ளெக்ஸில் குற்றமில்லை.

சார் நாற்காலியை இழுத்து என்னை உட்காரவைத்தார். இனி வீட்டில் ஓய்வெடுங்கள் என்றார். நான் பயந்தது அதற்குத்தான்.

“வீட்டுல இருந்தா ஆருகிட்ட சார் பேசுவேன்?”

சரி, வாருங்கள் என்று சொல்லி, டாக்டர் சீட்டுக் கொண்டுவரச் சொன்னார். இருட்டறைக்குள் தனியாகப் போகக் கூடாது என்றார். அன்று முதல் நான் உள்ளே போனால் ரேஷ்மாவும் கூட வந்து நிற்பாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, மாத்திரை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தாளைத் தொடாதீர்கள். பையில் என்ன மாத்திரை இருக்கிறது என்று பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்லிவையுங்கள். வீட்டில் சொல்ல ஆளில்லாதவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.