அப்பா பங்கு ஆயில்

எங்கள் வீட்டில் பிள்ளைக்கும் எஞ்சினுக்கும் ஒரே மரியாதை. பிறந்த குழந்தையின் நாக்கில் ஆளுக்கொரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் வைப்பதுபோல, வண்டியில் புதிதாக ஏற்றிய எஞ்சினில் வீட்டு ஆட்கள் ஆளுக்கொரு குவளை ஆயில் ஊற்றவேண்டும். யாராவது விட்டுப்போனால் அந்த எஞ்சின் அவர்களை மறந்துவிடும் என்பார் அப்பா. இதை அவர் எங்கே கேட்டாரோ தெரியாது. ஈக்காட்டுத்தாங்கலில் வேறு எந்தப் பட்டறையிலும் இந்தக் கூத்து கிடையாது.

எனக்கு ஒன்பது வயதானபோது ராணுவ ஏலத்தில் ஒரு பழைய லாரி எங்கள் பட்டறைக்கு வந்தது. பச்சை நிறம். கதவில் வெள்ளை எண்கள் பாதி உரிந்திருந்தன. கவிழ்ந்த லாரிகளைத் தூக்குகிற கிரேன் வண்டியாக அதை மாற்றித் தரும்படி ஒருவர் கேட்டிருந்தார். "ஒடம்பு கீது, உசுருதான் பத்தல" என்று சொல்லி, இருந்த எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, பஸ்ஸில் ஓடிய பெரிய டீசல் எஞ்சின் ஒன்றை அப்பா கொண்டுவந்தார். சங்கிலியில் கட்டி அதைத் தூக்கிய மறுநாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் அவர் இல்லை.

அவர் தூக்கி நிறுத்திய உயரத்திலேயே அந்த எஞ்சின் பதினாறு நாள் தொங்கியது. இறக்கி வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பள்ளி விட்டதும் நான் மயிலாப்பூர் வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறிப் பட்டறைக்கு வந்து அதைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். காற்றே இல்லாத சாயங்காலத்திலும் அது மெல்லத் திரும்பும். நான் இருக்கிற பக்கமாகத் திரும்பி நிற்கும். சங்கிலியின் முறுக்கு என்று இப்போது சொல்லிவிடலாம். அப்போது நான் அதனிடம் வணக்கம் சொல்லாமல் கிளம்பியதில்லை.

மிச்ச வேலையைச் சித்தப்பா முடித்தார். சட்டத்தை வெட்டி, ஒட்டி, ரேடியேட்டரை முன்னால் தள்ளி வைத்தும் பானெட் மூடவில்லை. திறந்தபடியே இருக்கட்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்தார்கள். பூஜைக்காகச் சித்தப்பா புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஆழ்வார்பேட்டையிலிருந்து அத்தை வந்திருந்தாள். அம்மா, அத்தை, சித்தி, நான் என்று ஆளுக்கொரு குவளை ஊற்றினோம். குறைந்ததைச் சித்தப்பா தன் பங்காக ஊற்றி, அளவுக் கம்பியை உருவிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார்.

நான் காத்திருந்தேன். அப்பாவின் பேரை யாரும் எடுக்கவில்லை. அவர் போனதிலிருந்து வீட்டில் எல்லோரும் அந்தப் பேரை, வழியில் கிடக்கும் கண்ணாடித் துண்டைப்போலத் தாண்டித்தான் நடந்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வண்டி கேட்டிருந்த கிரேன்காரர் வந்துவிட்டாரென்று எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். நான் பம்பரில் ஏறினேன். அருகில் ஒரு ஐந்து லிட்டர் ஆயில் கேன் பிரிக்காமல் இருந்தது. அப்பாவின் பங்கு ஒரு குவளையில் அடங்காது என்று பட்டது. கேன் முழுவதையும் ஊற்றினேன்.

முதல் சாவி வீட்டுப் பெண்பிள்ளை போடவேண்டும் என்பது இன்னொரு வழக்கம். சித்தப்பா என்னைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். மூன்றாவது தடவையில் எஞ்சின் பிடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். போதும், நிறுத்து என்று அவர் சைகை காட்டினார். சொல்லிக் கொடுத்திருந்தபடி, டீசலை அடைக்கிற ஸ்டாப்பரை இழுத்தேன். சாவியை உருவினேன்.

எஞ்சின் நிற்கவில்லை.

சாவி என் கையில் இருந்தது. எஞ்சின் வேகமெடுத்தது. யாரோ கண்ணுக்குத் தெரியாத காலால் ஆக்சிலேட்டரை அழுத்துவதுபோல அது மேலே மேலே போனது. நீலப் புகை கூரையைத் தொட்டு இறங்கியது. சித்தப்பா என்னை இழுத்துக் கீழே இறக்கிவிட்டு, டீசல் குழாயையே கழற்றினார். டீசல் தரையில் ஓடியது. எஞ்சின் இன்னும் சத்தமாக அலறியது. கிரேன்காரர் தெருவுக்கு ஓடினார். எல்லோரும் நினைத்ததை அத்தைதான் வாய்விட்டுச் சொன்னாள்.

"அண்ணன்தான். அண்ணன் வந்துக்கினு கீது."

எனக்குப் பயமில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. எஞ்சின் அவரை மறக்கவில்லை, அவருக்கும் பங்கு போயிருக்கிறது, அதனால் வந்துவிட்டார். சுவரோரம் கிடந்த ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வண்டியிடம் போகத் திரும்பிய சித்தப்பாவின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்தாத சித்தப்பா. அப்பா ஓட்டுறாரு."

அவர் திரும்பி என் கைகளைப் பார்த்தார். பிறகு காலடியில் கிடந்த காலிக் கேனைப் பார்த்தார். என்னை அம்மாவிடம் தள்ளிவிட்டுப் புகைக்குள் போனார். அந்த வேகத்தில் எஞ்சின் வெடித்தால் பக்கத்தில் நிற்கிறவர் மிஞ்சமாட்டார். எஞ்சின் காற்று இழுக்கும் குழாயின் வாயில் பலகையை வைத்து, அதன்மேல் சாய்ந்து நெஞ்சால் அழுத்தினார். எஞ்சின் நீளமாக ஒரு மூச்சை இழுக்கப் பார்த்தது. இழுக்க முடியவில்லை. நின்றது.

தெருவில் ஆட்டோ ஹாரன் கேட்டது. அப்பாவைச் சித்தப்பா கொன்றுவிட்டார் என்று நினைத்தேன். இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை.

அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் டீசல் எஞ்சின் தன் ஆயிலையே குடித்து ஓடும், சாவிக்குக் கட்டுப்படாது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று அது குடித்து ஓடியது அப்பாவின் பங்கைத்தான். அந்த வகையில் அத்தை சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

எனக்குப் புரியாமல் போனது வேறு. புகையிலிருந்து இருமிக்கொண்டு வந்த சித்தப்பா, முதலில் கேனைக் காலால் வண்டிக்கடியில் தள்ளினார். பிறகு என் முன்னால் குந்தி, என் விரல்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தார். சட்டையைக் கழற்றிச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். வெறும் பனியனோடு கிரேன்காரர் முன்னால் போய் நின்றார்.

"ஆயில் அளவு நான்தான் சரியா பாக்கல சார்."

கிரேன்காரர் அந்த வண்டியை எடுக்கவே இல்லை. ஆயில் ஊற்றத் தெரியாத மெக்கானிக் என்ற பேர் அந்தத் தெருவில் சித்தப்பாவுக்குக் கடைசிவரை இருந்தது. வெக்கை தாங்காமல்தான் சட்டையைக் கழற்றினார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளைச் சட்டையின் முதுகில் என் இரண்டு உள்ளங்கைகளும் ஆயிலில் பதிந்திருந்தன.