ஒன்றும் செய்யாத ஆறு

அவருடைய வேலை ஆற்றை அளப்பது. பாலத்தின் மூன்றாவது தூணில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கோடு போட்ட ஓர் இரும்புப் பட்டை அறைந்திருந்தது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கரைப்படியில் நின்று, தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்ப்பார். அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, பாலத்தின் முனையில் இருந்த தகரக் கொட்டகைக்குள் போய் மேலதிகாரிக்குத் தொலைபேசியில் சொல்வார். மழைக்காலத்தில் மணிக்கொரு தரம். இருபத்திரண்டு வருஷமாய் இதுதான்.

ஊரில் அவரை அளவுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். முடிதிருத்துபவர் கத்தரியை எடுத்ததும், "அளவுக்காரரே, எத்தனை அங்குலம் வைக்கட்டும்?" என்று கேட்பார். குழம்பில் உப்புக் கரித்தால் பக்கத்து வீட்டுக்காரர், "அளவுக்காரர் வீட்டுப் பக்கத்துலயே இருந்துக்கிட்டு இப்படியா?" என்று தன் மனைவியைச் சீண்டுவார். கேட்டால் அளவுக்காரரும் சிரித்துக்கொள்வார். அதிகம் பேசாத மனிதர்.

அவருக்கு இன்னொரு பக்கம் இருந்தது. காலை அளவுக்கும் மாலை அளவுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தையெல்லாம் நூலகத்தில் கழித்தார். அங்கே ஆற்றைப் பற்றிய பாட்டு எந்தப் புத்தகத்தில் இருந்தாலும் தேடிப் படிப்பார். பழைய பதிவேடுகளின் பின்பக்கத்தில், பிடித்த வரிகளைப் பென்சிலால் எழுதி வைப்பார். அவர் விரும்பிப் படித்த பாட்டு ஒன்றில் ஆறு தாயாக இருந்தது, இன்னொன்றில் மணப்பெண்ணாக. நடந்தது, சிரித்தது, கொலுசு குலுங்க வந்தது. சேறு வரவில்லை. பாலத்துக்குக் கீழே அவர் தினமும் பார்க்கிற சுழல் வரவில்லை. அது அவருக்குக் குறையாகத் தெரியவில்லை. காலையில் அளந்த ஆறு வேறு, மத்தியானம் படித்த ஆறு வேறு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தார்.

படகுக்காரர்கள் ஆற்றை அம்மா என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை. 'அது' என்பார்கள். "அது இன்னைக்குச் சரியில்ல" என்பார்கள். பாலம் தாண்டி ஆறு திரும்புகிற வளைவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் விழுங்கி.

அவருடைய மனைவி வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். பள்ளிச் சீருடைகள் தைப்பாள். ஒரே மகள், ஒன்பது வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. ஊசிப்பெட்டியைக் கவிழ்ப்பாள், அளவுநாடாவை எடுத்துப் போய்ப் பூனையை அளப்பாள். "அப்பனுக்கு ஏத்த பொண்ணு" என்று அம்மா தலையில் குட்டுவாள்.

ஒரு நாள் பள்ளியின் தலைமை ஆசிரியை வீட்டுக்கே வந்தார்.

"சார், ஆண்டு விழாவுல பிள்ளைங்க ஆத்தைப் பத்தி ஒரு பாட்டுப் பாடணும். இந்த ஊர்ல ஆத்தை உங்களைவிட யாருக்குத் தெரியும்? நீங்கதான் எழுதித் தரணும்."

அவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவரிடம் எண்ணைக் கேட்காமல் சொல்லைக் கேட்டிருக்கிறார். மூன்று வாரம் எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார். அவர் பாடிக் காட்ட, மனைவி மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள். முதலில் எழுதியதில் இப்படி இரண்டு வரி இருந்தது:

மழை பெய்தால் நிறம் மாறும்
மகளே தள்ளி நில்.

அது மெட்டில் உட்காரவில்லை. பாடும்போது அந்த இடத்தில் கல் தடுக்குகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டார்.

"ஏங்க அதை எடுத்தீங்க? நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள் மனைவி.

"பாட்டுக்குள்ள எச்சரிக்கைப் பலகை நட முடியுமா? அதுக்குத்தான் கரையில ஒண்ணு நட்டிருக்கே" என்றார். இருவரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் வேறு வரிகள் வந்தன.

ஆறே ஆறே அம்மா ஆறே
அணைத்துக் கொள்வாயே
ஓடி வந்து குதித்தாலும்
ஒன்றும் செய்யாயே.

ஆண்டு விழாவில் நாற்பது பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு பாடினார்கள். முன்வரிசையில் வாலு, அம்மா தைத்த நீலப் பாவாடையில், மற்றவர்களைவிட அரை மாத்திரை முந்திக்கொண்டு பாடினாள். தன் அப்பா எழுதியது என்கிற அவசரம். விழா முடிந்ததும் ஊரே அவர் கையைப் பிடித்துக் குலுக்கியது. படகுக்காரர் ஒருவர் மட்டும் வெற்றிலையை ஓரமாய் ஒதுக்கிக்கொண்டு, "பாட்டு ஜோரா இருக்குண்ணே. ஆனா நீங்க சொல்ற ஆறு எந்தப் பக்கம் ஓடுது? நாங்களும் அங்க போய்ப் படகு விடுறோம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அளவுக்காரரும் சிரித்தார்.

அடுத்த மாதத்திலிருந்து தினமும் காலையில் பள்ளியில் அந்தப் பாட்டுதான். தெருவில் பிள்ளைகள் கயிறு தாண்டும்போது அந்தப் பாட்டுதான். துணி துவைக்கிற பெண்கள்கூட முணுமுணுத்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் நாலடி இரண்டு அங்குலம். இங்கே வானம் வெளுத்துக் கிடந்தது. ஆனால் மேலே மலைப்பக்கம் முந்தைய நாள் முழுக்க மழை. எட்டு மணிக்கு நாலடி எட்டு. பத்து மணிக்கு ஐந்தைத் தாண்டியது. மேலோட்டமாகப் பார்த்தால் ஆறு அமைதியாகத்தான் இருந்தது, நிறம் மட்டும் பால் விட்ட தேநீர் மாதிரி மாறியிருந்தது. அவர் கொட்டகைக்குள் போய்த் தொலைபேசியை எடுத்து, "ஏறுது சார், வேகமா ஏறுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் படித்துறைப் பக்கம் ஒரு பெண்குழந்தை அலறியது.

அலறியது வாலு இல்லை, அவளுடைய சிநேகிதி. வாலு அதற்கு முன்பே தண்ணீருக்குள் போய்விட்டாள்.

அவர் தொலைபேசியைப் போட்டுவிட்டு ஓடிக் குதித்தார். படகுக்காரர்களும் குதித்தார்கள். இரண்டு மணி நேரம் தேடினார்கள். விழுங்கியில், கரைமரத்தின் வேர்களுக்குள் அவள் இருந்தாள். யாரையும் தொட விடாமல் அவரே விடுவித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவளுடைய பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.

அன்று மாலை, வீடு நிறைய ஆட்கள் இருக்கையில், அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. கரைப்படியில் நின்று அளவு பார்த்தார். ஐந்தடி ஏழு அங்குலம். எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். 'கல் நெஞ்சு' என்று சிலர் பேசிக்கொண்டார்கள். பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் அவருடைய கையெழுத்தை இன்றைக்குப் பார்த்தாலும் யாராலும் படிக்க முடியாது.

ஒரு வாரம் கழித்துச் சிநேகிதியை அவளுடைய அம்மா கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு அன்றிலிருந்து காய்ச்சல். எதையோ சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று அழுகிறாள் என்றாள். அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் மாமா. தண்ணி ஒரு மாதிரியா இருக்கு, போகாதடின்னு சொன்னேன். அவதான், எங்கப்பா தினமும் ஆத்தை அளக்குறாரு, அவருக்குத் தெரியாதா, ஒண்ணும் செய்யாதுன்னு அவரே எழுதியிருக்காருல்லன்னு சொன்னா. அப்புறம் ஓடி வந்து குதிச்சா. பாட்டுல வர்ற மாதிரி."

மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து உள்ளே போனாள். அவர் அந்தப் பெண்ணின் தலையில் கையை வைத்தார். "உன் மேல தப்பில்லம்மா. நீ சரியாத்தான் பார்த்திருக்க" என்றார். அவர்கள் போன பிறகும் வெகுநேரம் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அதன் பிறகு வீட்டில் பேச்சு சுருங்கிப்போனது. சாப்பாடு இருக்கு. மழை வரும் போல இருக்கு. நூல் தீர்ந்துடுச்சு. இவ்வளவுதான். மனைவி அவரைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று அவர் காத்திருந்தார். நாலைந்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

"என் மேல உனக்குக் கோபம் இருக்கும். சொல்லிடு."

அவள் மிஷினை நிறுத்தவில்லை. "அவளுக்குத் தெரியாதுங்க. சின்னப் பொண்ணு, நீங்க எழுதினதை நம்பினா. உங்களுக்குத் தெரியுமில்ல? ஆறு அப்படிப்பட்டது இல்லன்னு இருபது வருஷமா உங்களுக்குத் தெரியுமில்ல?"

அந்த வாரமே அவர் பென்சிலால் எழுதிய பின்பக்கங்களையெல்லாம் கிழித்தார். நூலகத்துக்குப் போவதை விட்டார்.

மறு வருஷம் பள்ளி திறந்த கொஞ்ச நாளில் சிநேகிதியின் அம்மா தனியாக வந்தாள். "அண்ணே, காலையில பாட்டுப் பாடும்போது எம்பொண்ணு வாயே திறக்க மாட்டேங்குறாளாம். புது டீச்சர் வெயில்ல நிக்க வச்சிருக்காங்க. மூணு நாளா நிக்கிறா. ஏன்னு கேட்டா அங்கேயும் வாயைத் திறக்கல."

அவர் அப்போதே கிளம்பிப் பள்ளிக்குப் போனார். தலைமை ஆசிரியை எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"டீச்சர், அந்தப் பாட்டை நிறுத்திடுங்க."

"சார், உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா இந்தப் பிள்ளைங்க ஆத்துல குப்பை போடுறதை நிறுத்தியிருக்காங்கன்னா அது உங்க பாட்டாலதான். அம்மான்னு நினைக்கிறதாலதானே அந்தப் பாசம் வருது?"

"பாசம் வரட்டும் டீச்சர். பயமும் வேணும். நான் பயத்தை அடிச்சுட்டுப் பாசத்தை மட்டும் வச்சேன்."

"பாட்டுன்னா அப்படித்தானே சார் இருக்கும்? யாராவது பாட்டுல ஆழம் பார்ப்பாங்களா?"

"ஒருத்தி பார்த்தா" என்றார்.

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு வெளியே போய், வெயிலில் நின்றிருந்த பெண்ணைத் தானே கைபிடித்து வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த நாளிலிருந்து பள்ளியில் அந்தப் பாட்டு இல்லை.

ஆனால் பாட்டு பள்ளிக்குள் மட்டுமா இருந்தது? கயிறு தாண்டுகிறவர்களிடம் போய் யார் சொல்வது? அவர் அடித்துப்போட்ட அந்த இரண்டு வரிகளைச் சேர்த்து, தெருப்பிள்ளைகளை நிறுத்திச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். நாலு எட்டு போனதும் பழையபடியேதான் பாடினார்கள். அவர் எழுதியது அவர் கையை விட்டுப் போய்விட்டிருந்தது.

நாலு வருஷம் போனது. ஒரு நாள் மருத்துவமனையில் இரத்த அழுத்த மாத்திரைக்காக வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பெஞ்சில் ஓர் இளம் தாய் காய்ச்சல்காரக் குழந்தையை மடியில் ஆட்டியபடி அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. நிறுத்தச் சொல்லலாமென்று எழுந்தார். அதற்குள் குழந்தையின் அழுகை தேய்ந்து, கண் சொருகியது. அந்தப் பெண் அவரைப் பார்த்து, சத்தம் போடாதீங்க என்பது போல உதட்டில் விரலை வைத்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார். தன்னுடைய வரிசை எண்ணைக் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. மாத்திரை வாங்காமலே வீட்டுக்கு வந்தார்.

நடந்ததை மனைவியிடம் சொன்னார். நாலு வருஷத்தில் அவளிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"குழந்தை தூங்கிடுச்சா?"

"தூங்கிடுச்சு."

கத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, யாரிடமும் கேட்காமல் இத்தனை நாள் நெஞ்சுக்குள் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அன்னைக்குத் தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சாங்க?"

இல்லை, வெதுவெதுப்பாத்தான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் அவர் வாய்வரைக்கும் வந்தது. வேர்களுக்குள் கையை விட்டது நினைவுக்கு வந்தது, அன்றைக்கு வெளியே வந்த பின்னும் விரல்கள் வெகுநேரம் மரத்துக் கிடந்தது நினைவுக்கு வந்தது.

"ஆமா" என்றார். "ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சு."

அவள் தலையை மட்டும் அசைத்தாள். பிறகு சுவரில் சாய்ந்து, பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்திய அன்றைக்குக்கூட அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.