மணி கேட்கிற வேலை

எட்டு வயதில் எனக்குத் தீராத சந்தேகம் ஒன்று இருந்தது. கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்க நடவு நடும் அம்மாவுக்கு ஏன் தாகமே எடுப்பதில்லை? மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தால், பழைய சோற்றைப் பிழிந்து தின்றுவிட்டு நீராகாரத்தை என் பக்கம் தள்ளிவிடுவாள். அவளுக்கு அது பிடிக்காது என்று நினைத்துக்கொண்டு ஒரு சொட்டு விடாமல் நானே குடிப்பேன்.

அந்த வருஷம் சம்பா நடவில் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வந்தது. ஒன்றுக்குப் போய்வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். "சூடுதான், வேற ஒண்ணுமில்ல" என்று அத்தை தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். அந்த எண்ணெய் அங்கேயிருந்து எங்கே போகும் என்று குனிந்து குனிந்து பார்த்தேன். அது எங்கேயும் போகவில்லை. நாலாம் நாள் முதுகு வலியும் குளிர்காய்ச்சலுமாக அம்மா பாயில் சுருண்டுவிட்டாள். அத்தையும் நானும் அவளைக் குடவாசல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

டாக்டரம்மா ஒரு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்து மூத்திரம் பிடித்துவரச் சொன்னார். அதை ஏந்தி வரும் பெருமை எனக்குக் கிடைத்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது.

"சூடெல்லாம் இல்லம்மா, இது கிருமி" என்றார் டாக்டரம்மா. "வயல்ல இருக்கறப்ப எத்தனை தடவ தண்ணி குடிப்பே?"

அத்தைதான் சொன்னாள்: "குடிச்சா போவணுமேங்க. நடவு வயல்ல மறைப்பு ஏதுங்க? விடியறதுக்கு முன்னாடி போனா, பொழுது சாஞ்சப்புறந்தான்."

"தண்ணி குடிச்சு வெளிய போனாத்தான் கிருமி அலசிக்கிட்டுப் போகும். அடக்கி வச்சா உள்ளேயே பெருகும். இப்பவே கிட்னி வரைக்கும் ஏறிடுச்சு. வலி நின்னாலும் மாத்திரைய முழுசா சாப்பிடணும். மறுபடி மறுபடி வந்தா கிட்னியே கெட்டுப்போயிடும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிட்னி என்றால் என்னவென்று தெரியாது. அம்மாவிடம் அது போனால் அம்மாவே போய்விடுவாள் என்று மட்டும் புரிந்தது.

உடம்பு தேறியதும் அம்மா மறுபடி வயலில் இறங்கினாள். அப்போது ஆட்சி மாறியிருந்தது. எங்கள் ஊர்ப் பண்ணை மட்டும் மாறவில்லை. கூலி கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் செங்கொடி ஏற்றிய நேரம் அது. பண்ணையின் காரியக்காரர் குடையோடு வரப்பிலேயே நிற்பார். யார் வரிசையை விட்டு ஏறினாலும் "எங்க போற?" என்று வயல் முழுக்கக் கேட்கும்படி அதட்டுவார். எங்கள் தெருவில் யாரும் அவரோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை.

அத்தை எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். "நான் தொண்டையச் செருமுனா ஓடிப்போயி காரியக்காரர்ட்ட மணி கேளு. அவரு முதுகு வாய்க்கா பக்கம் இருக்கற மாதிரி நின்னு கேளு."

அவர் கையில் புதுக் கடிகாரம். கேட்க ஆள் வராதா என்று காத்திருந்தவர்போல, சின்ன முள், பெரிய முள் என்று விளக்குவார். நானும் விடாமல் கேட்பேன். அவருக்குப் பின்னால் நாலு பெண்கள் மேற்கே வாய்க்கால் ஓரக் காட்டாமணக்குப் புதர்ப் பக்கம் போவதும், மூன்று பேர் முந்தானையை விரித்துப் பிடிப்பதும் தெரியும். என் கவனமெல்லாம் முள்ளில்தான். முதல் நாள் மத்தியானம் அம்மா நீராகாரம் முழுவதையும் தானே குடித்துவிட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஒரு நாள் வரப்பில் நண்டு பிடித்துக்கொண்டிருந்ததில் அத்தை செருமியது என் காதில் விழவில்லை. அம்மாவும் மற்றவர்களும் வரப்பேறிவிட்டார்கள். காரியக்காரர் அவர்களைப் பார்த்தார். அதட்டப் போகிறார் என்று கையிலிருந்த நண்டை விட்டுவிட்டேன்.

"ஏ பாப்பா, இன்னைக்கு மணி கேக்கலியா?" என்று என்னைக் கூப்பிட்டபடி அவர் கிழக்கே திரும்பிக்கொண்டார்.

ஓடினேன். "நீயே சொல்லு பாப்போம்" என்று கையை நீட்டினார். பத்தேகால் என்றேன். சரி என்றார், ஆனால் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. வெயில் நேரே முகத்தில் அடிக்க, குடையை முதுகுப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இவ்வளவு பெரிய மனிதருக்குக் குடை பிடிக்கத் தெரியவில்லையே என்று அன்று வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன்.